காகிதமாக வந்து சேரும் படகு

பணம் கட்டியவருக்குக் கிடைப்பது படகு இல்லை, படகின் வரைபடங்கள். பிரிட்டிஷ் படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரமின் ‘டிக்கி 21’ இப்படித்தான் வீட்டுக்கு வருகிறது. ப்ளைவுட், எபாக்ஸி, ஃபைபர் கிளாஸ் துணி, கயிறு, பாய் என மற்ற எல்லாவற்றையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். முடிந்த படகு 21 அடி நீளம், 12 அடி அகலம். இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவே திறந்த தளம். எடை சுமார் 360 கிலோ. ஒன்றேகால் அடித் தண்ணீர் இருந்தால் மிதந்துவிடும்.

தொழிற்சாலைப் பொருளை விமர்சிப்பது எளிது, ஒன்றை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் அதே மாதிரிதான் இருக்கும். இங்கே தொழிற்சாலை என்பது வாங்கியவரின் கொல்லைப்புறம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தச்சு வேலை பழகாத ஒருவரை இந்த வரைபடங்கள் எவ்வளவு தூரம் கரை சேர்க்கும் என்பதைத்தான்.

யாரும் படகு கட்டலாம் என்று சொல்லும் தகுதி வாரமுக்கு இருந்தது. 1950களின் நடுவில், இருபத்து மூன்றரை அடி நீளத்தில் தானே கட்டிய ‘டாங்கரோவா’ என்ற இரட்டைப் படகில், இரண்டு ஜெர்மன் பெண்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் போனவர் அவர். அங்கேயே 40 அடியில் ‘ரோங்கோ’வைக் கட்டி, 1959இல் வட அட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தார். பல உடல் படகு ஒன்று அந்தத் திசையில் அதைக் கடந்தது அதுவே முதல் முறை. டிக்கி வரிசை 1980களில் வந்தது. அதன் வரைபடங்களுக்கு உயிர் கொடுத்தவர் ஹனேக்கே பூன். ஒவ்வொரு இணைப்பையும் அவர் முப்பரிமாணப் படமாகக் கையால் வரைந்திருப்பதால், பொறியியல் படம் வாசிக்கத் தெரியாதவரும் திணறாமல் பின்தொடரலாம்.

கட்டும் முறைக்குத் ‘தைத்து ஒட்டுதல்’ என்று பெயர். பலகைகளை வரைபட அளவில் அறுத்து, ஓரங்களில் சிறு துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த ப்ளைவுட் கம்பி இறுக இறுக வளைந்து படகு வடிவத்துக்கு வருவதைப் பார்ப்பது, இந்த வேலையிலேயே மிகவும் குஷியான கட்டம். பிறகு உள்மூலைகளில் எபாக்ஸிக் கலவையைப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடாவை ஒட்டினால் இணைப்பு முடிந்தது. 1963இல் பிரிட்டனில் வந்த ‘மிரர்’ டிங்கி இந்த உத்தியைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது. கன்னியாகுமரிக் கரைக்கும் இது புதிதல்ல. பெரிய மரங்கள் கிடைப்பது அரிதான 1980களில், முட்டத்தில் பியர் ஜில்லே என்பவர் முன்னின்று அறிமுகப்படுத்திய ப்ளைவுட் வள்ளங்கள் இதே வழியில் உருவானவை.

ப்ளைவுட் எட்டடிதான், படகோ இருபத்தொரு அடி. நீளத்துக்குப் பலகைகளை இணைக்க, பின்னால் பட்டி வைத்து ஒட்டலாம். நேர்த்தி வேண்டுபவர்கள் ஓரத்தைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். தடிமனைப் போல எட்டு மடங்கு சரிவு வேண்டும், அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. பலகைகளைப் படிபோல அடுக்கி இழைப்புளியால் சேர்த்தே சீவினால், ப்ளைவுட்டின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். கோடுகள் நேராக, இணையாக ஓடினால் சரிவு சரி. எங்காவது வளைந்தால் அந்த இடத்தில் இழைப்புளி அதிகமாகக் கடித்திருக்கிறது என்று பொருள். அளவுகோலே தேவையில்லை.

தச்சு வேலையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் இந்தப் படகு பொறுத்துக்கொள்ளும். இடைவெளியை எபாக்ஸி நிரப்பிவிடும். கலவையில் பிசகினால்தான் வினை.

நம் ஊர் ஃபைபர் படகுப் பட்டறைகளில் புழங்கும் பாலியஸ்டர் ரெசினில், வேகமாக இறுக வேண்டுமென்றால் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு எபாக்ஸியைத் தொடக்கூடாது. பலரும் வாங்கும் ஒரு வகையில் ஐந்து பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர். கூட்டினாலும் குறைத்தாலும் சரியாக இறுகாது, நாள்கணக்கில் பிசுபிசுக்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. வேகம் வேண்டுமென்றால் ஹார்டனரின் வகையைத்தான் மாற்ற வேண்டும். கலந்ததை ஆழமான டப்பாவில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையத் தொடங்கும். அகலமான தட்டில் பரப்பினால் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். சிலிக்காப் பொடி சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்தால்தான் மூலைகளில் வழியாமல் நிற்கும்.

பூச்சுக்கும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள்ளிருக்கும் காற்று விரிந்து, பூச்சில் கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். சூடு இறங்கும் மாலையில் பூசினால் மரம் எபாக்ஸியை உள்ளிழுத்துக்கொள்ளும். இறுகிய பிறகு மேலே மெழுகுபோல ஒரு படலம் படிவதுண்டு. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. எபாக்ஸி வெயிலில் சிதையும் என்பதால் கடைசியில் பெயிண்ட் கட்டாயம். கையுறை அதைவிடக் கட்டாயம். தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அதற்குப் பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாது, பாதிப் படகு கொட்டகையிலேயே கிடக்கும்.

ப்ளைவுட்டில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டின் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். முத்திரையை மட்டும் நம்பாமல், ஒரு துண்டை வாங்கி வீட்டிலேயே வேகவைத்துப் பார்ப்பது நல்லது. அறுத்த ஓரத்தில் நடு அடுக்கில் பொந்து தெரிந்தால் அந்தப் பலகையைத் தள்ளிவிடலாம். தண்ணீர் தங்கி மரம் உளுக்கத் தொடங்குவது அங்கேதான்.

இரண்டு உடல்களையும் குறுக்கு விட்டங்களோடு இணைப்பது போல்ட் இல்லை, கயிறு. புதிதாகப் பார்ப்பவர் முகம் சுளிக்கும் இடம் இதுதான், ஆனால் வடிவமைப்பின் சிறப்பும் இதுவே. அலையில் இரு உடல்களும் தனித்தனியே அசையும்போது, இறுக்கமான உலோக இணைப்பு அந்த விசையை ஒரே துளையில் குவித்து மரத்தைப் பிளக்கும். கயிற்றுக் கட்டு அதைப் பகிர்ந்துகொள்ளும். சுக்கானும் கீல் இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டதுதான். கட்டை அவிழ்த்தால் படகை டிரெய்லரில் ஏற்றலாம்.

கடலில் எப்படி? பக்கக்காற்றில் உற்சாகமாக ஓடும். எதிர்க்காற்றில் சுமார்தான். நடுப்பலகை கிடையாது, ‘வி’ வடிவ அடிப்பாகமே தண்ணீரைப் பிடிக்க வேண்டும். எடை குறைவென்பதால் குறுஅலையில் திரும்பும்போது வேகம் செத்து நடுவிலேயே நின்றுவிடும். திருப்புவதற்கு முன் நல்ல வேகம் பிடித்துக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் தானாக நிமிராது, காற்று ஏறும் முன்பே பாயைச் சுருக்கும் பழக்கம் வேண்டும். வசதியை எதிர்பார்ப்பவர்கள் வேறு படகு பார்க்கலாம். உடலுக்கு ஒருவர் படுக்கலாம், மழை வந்தால் தம்பதியர் ஆளுக்கொரு உடலில் அடைந்துகொண்டு கத்திப் பேச வேண்டியதுதான்.

இவ்வளவு சிறியதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ரோரி மெக்டூகல் இருக்கிறார். தானே கட்டிய ‘குக்கிங் ஃபேட்’ என்ற டிக்கி 21இல் 1991 முதல் 1997 வரை உலகைச் சுற்றினார். 2010இல் அதே படகில் தனியாக அட்லாண்டிக்கை 34 நாட்களில் கடந்தார். அதைப் பார்த்து எல்லோரும் மாகடலுக்குக் கிளம்பிவிடக் கூடாது. கடலோரப் பயணத்துக்கு வரைந்த படகு இது.

சுமக்கும் திறன் சுமார் 450 கிலோ, ஆட்கள், தண்ணீர், சாப்பாடு, நங்கூரம், எஞ்சின் எல்லாம் சேர்த்து. கட்டும்போதே பலத்துக்காக என்று தடித்த பலகை போடுபவர்கள், அந்தக் கணக்கில்தான் கைவைக்கிறார்கள். செலவுக் கணக்கிலும் ஏமாறலாம். ப்ளைவுட்டும் எபாக்ஸியும் வாங்கியதோடு பாதி முடிந்தது என்று தோன்றும், பாய்மரம், பாய், கயிறு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் இனிமேல்தான். விற்கும்போது வீட்டில் கட்டிய படகுக்கு உழைப்பின் விலை தேறாது. பொழுதையும் கைவேலையையும் விரும்புபவர் வரைபடத்தை வாங்கலாம், சீக்கிரம் கடலுக்குப் போக விரும்புபவர் யாரோ கட்டி முடித்த டிக்கி ஒன்றைத் தேடுவதே லாபம். தேடும்போது கையில் ஒரு கூரிய உளி இருக்கட்டும். விட்டம் உட்காரும் இடத்திலும் தளம் உடலோடு சேரும் ஓரத்திலும் பெயிண்டுக்கு மேல் மெல்லக் குத்திப் பார்த்தால், எபாக்ஸிப் பூச்சை ஒழுங்காக முடித்தவர் யார், அவசரப்பட்டவர் யார் என்று தெரிந்துவிடும்.