அளவோடு ஒரு பேய்

குழந்தைகளுக்கான பேய்க் கார்ட்டூன்களில் மிகப் புகழ்பெற்றது பெற்றோரின் கோபத்துக்குக் கட்டுப்பட்டுப் பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் சனிக்கிழமைக் காலைகளை 'ஸ்பேஸ் கோஸ்ட்' போன்ற அடிதடி நாயகர்கள் ஆண்டார்கள். வன்முறை மிஞ்சிவிட்டது என்று பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. சிபிஎஸ் தொலைக்காட்சி மாற்றுத் தேடியது. ஹன்னா–பார்பெரா கார்ட்டூன் நிறுவனம் கொண்டுவந்த துப்பறியும் பேய்த்தொடரோ ரொம்பப் பயமுறுத்துகிறது என்று சானல் மேலிடம் முதலில் தள்ளிவிட்டது. அதன்பின் ஒரு பயந்தாங்கொள்ளி நாயை முன்னுக்குக் கொண்டுவந்து சிரிப்பைக் கூட்டினார்கள். 1969 செப்டம்பர் 13 அன்று 'ஸ்கூபி டூ' ஒளிபரப்பாகத் தொடங்கியது.

அதன் கதைப்போக்கு பிள்ளைகளுக்கே மனப்பாடம். பாழடைந்த மாளிகை, துரத்தும் பேய், கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே சொத்துக்கோ கடத்தலுக்கோ ஆசைப்பட்ட ஒரு மனிதர். அமானுஷ்யம் என்று சொல்லப்படுவதை ஒவ்வொரு வாரமும் விசாரித்து உடைக்கும் தொடர் என்பதால் விஞ்ஞானி கார்ல் சேகன் இதைப் பாராட்டி எழுதினார். தயாரிப்பாளர்களுக்கே பிறகு அந்தப் பகுத்தறிவு சலித்துப்போனது போலிருக்கிறது. 1985இல் வந்த ஸ்கூபி தொடரிலும், 1998இல் வந்த 'ஸோம்பி ஐலண்ட்' படத்திலும் பேய்கள் நிஜம்.

பேய் பொய் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் இருட்டில் படுத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பயம் மட்டும் நிஜமாகவே இருக்கிறது. அந்த இடத்தில் ஜான் டில்வொர்த்தின் 'கரேஜ் த கவர்ட்லி டாக்' (1999–2002) ஸ்கூபியைத் தாண்டிப் போகிறது. யாருமற்ற வெட்டவெளியில் ஒரு வீடு. அன்பான பாட்டி மியூரியல், சிடுசிடுக்கும் தாத்தா யூஸ்டஸ், இளஞ்சிவப்பு நிற நாய் கரேஜ். வருகிற பூதங்கள் எல்லாம் உண்மையானவை. ஒரு கதையில், திருடிய கற்பலகையைத் திருப்பிக் கேட்டு ராம்சேஸ் மன்னரின் ஆவி வாசலில் நிற்கிறது. பேராசை பிடித்த தாத்தா கொடுக்க மறுக்க, வெள்ளம், காதைத் துளைக்கும் பாட்டு, வெட்டுக்கிளி என்று சாபங்கள் வரிசையாக வருகின்றன.

கரேஜ் அலறும், நடுங்கும், நடக்கப்போவதை நடித்துக் காட்டும். பெரியவர்களுக்குப் புரியாது, அல்லது காதில் ஏறாது. சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் தவித்த எந்தக் குழந்தையும் தன்னை அங்கே அடையாளம் காணும். நடுக்கம் நிற்காமலேயே அந்த நாய் பாட்டியைக் காப்பாற்ற ஓடுகிறது. பயமில்லாத வீரனைவிடக் குழந்தைக்கு உதவுபவன் பயந்துகொண்டே காரியம் செய்பவன்தான். இந்த வகைக் கார்ட்டூன்களின் முதன்மையான மதிப்பாக நான் கருதுவது இதையே. ஹென்றி செலிக்கின் 'கோரலைன்' (2009) படத்துச் சிறுமியும் இதே இனம்: பொத்தான் கண் வைத்த 'இன்னொரு அம்மா'விடமிருந்து பெற்றோரை மீட்க நடுங்கியபடியே திரும்பிப் போகிறாள்.

எல்லா வயதுக்கும் ஒரே அளவு பொருந்தாது. 1980களில் ஆய்வாளர் ஜோஆன் கேண்டரும் அவருடைய சகாக்களும் 'இன்கிரெடிபிள் ஹல்க்' காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள். மழலையர் பள்ளி வயதினர் அதிகம் பயந்தது மனிதன் பச்சை உருவமாக மாறும்போது. வளர்ந்த பிள்ளைகள் பயந்தது அதற்கு முன், அவன் ஆபத்தில் சிக்கும்போது. சிறிசுகளுக்குத் தோற்றமே பயம். உள்ளே இருப்பவன் நல்லவன் என்று விளக்கிப் பயனில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டில் 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், பயம் குறைந்தாலும் சுவை இல்லை, மிகுந்தாலும் இல்லை என்று கண்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அளவு என்று ஒன்று உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆகவே, 'ஸ்கூபி டூ'வை ஐந்து வயதிலேயே பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். 'கரேஜ்' எட்டு வயதுவரை காத்திருக்கட்டும், 'கோரலைன்' இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். எதைப் பார்த்தாலும் ரிமோட் பிள்ளையின் கையில் இருக்கட்டும். நிறுத்து என்றால் நிறுத்திவிடுங்கள், கேலி செய்யாதீர்கள்.