பதினாலாவது அத்தியாயம்

விமானத்தில் ஏறும்போது வாசலில் புன்னகைக்கும் பெண்ணைப் பார்க்கிறோம். கதவு திறந்திருந்தால் பைலட்டின் முதுகைப் பார்க்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அதே விமானத்தின் வயிற்றுக்கடியில் டார்ச்சும் ஸ்பேனருமாகப் படுத்திருந்த ஆசாமியை மட்டும் பார்ப்பதில்லை. அவர் என்ன படித்துவிட்டு வந்தார்? தெரிந்துகொள்ள இந்த வாரம் நாவலை மூடிவைத்துவிட்டு ஒரு பாடப்புத்தகம் படித்தேன்.

அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. வெளியிடும் 'ஏவியேஷன் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் ஹேண்ட்புக்', பொதுப் பகுதி. அங்கே டெக்னிகல் பள்ளிகளில் ஏர்ஃப்ரேம், பவர்பிளான்ட் என்ற இரண்டு சான்றிதழ்களுக்குப் படிக்கிறவர்களின் அரிச்சுவடி. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் பாராட்டு. அரசாங்கப் புத்தகம் என்றாலும் உரைநடை சுத்தமாக இருக்கிறது. கணக்குப் பாடம் முழு எண்களைக் கூட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறது, 'உனக்குத் தெரிந்திருக்கும்' என்று எதையும் விடுவதில்லை. ஒரு போல்ட் கழன்றுகொள்ளாமல் சேஃப்டி வயர் கட்டுவதைப் பாருங்கள். கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்கும் திசையில்தான் இழுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு. கடைசியில் மிஞ்சும் வாலை மடக்கிவிடு, அடுத்தவன் கையைக் கிழிக்கும். முகம் தெரியாத அடுத்த மெக்கானிக்கின் விரலை நினைக்கிற இந்தக் கரிசனம் பல சிறுகதைகளில் கூட இல்லை.

இப்போது குறை. பதினாலு அத்தியாயங்களில் ஆகக் கடைசி 'ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்'. அதாவது இயந்திரம் அல்ல, மனுஷன் எப்படிப் பழுதாவான் என்பது. 1993-ல் கனடாவில் கார்டன் டுபான்ட் பட்டியலிட்ட பன்னிரண்டு காரணங்கள் இதில் வருகின்றன. களைப்பு, மெத்தனம், கவனச்சிதறல், மேலிருந்து நெருக்கடி, 'தப்பு' என்று உரக்கச் சொல்லத் தயக்கம், 'இங்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் சார்' என்ற பழக்கம்... நம் ஆபீஸைப் பற்றி எழுதியதோ என்று சந்தேகம் வரும். இதைப் போய்க் கடைசியில் வைக்கலாமா? சிலபஸில் கடைசிப் பாடத்துக்கு என்ன கதி என்பது மாணவனாக இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஏன் இந்த ஆதங்கம் என்றால், 1990 ஜூன் 10. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், பதினேழாயிரம் அடி உயரத்தில் கேப்டனின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே. சிப்பந்திகள் மாறி மாறிக் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

முந்தின நாள் விடியற்காலையில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84 விட்டத்தில் சின்னது, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. மீதி ஆறு நீளத்தில் குட்டை. மாட்டியவர் கத்துக்குட்டி அல்ல, நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலி, ஷிஃப்ட் மேனேஜர். கழற்றிய பழைய போல்ட்டை ஸ்டோர்ஸுக்கு எடுத்துப்போய் அதே மாதிரி வேண்டும் என்றார். கழற்றியதே தப்பான சைஸ் என்பது அவருக்குத் தெரியாது. அங்கிருந்தவர் சரியான எண்ணைச் சொல்லியும் வற்புறுத்தவில்லை. அது போதிய அளவு ஸ்டாக் இல்லாமல் வேறிடத்தில், மங்கலான வெளிச்சத்தில், கண்ணளவில் பொறுக்கினார். கேட்டலாகைப் புரட்டவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை.

இந்த மனிதருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதா? தெரியும். தன் கண்ணைச் சந்தேகிக்கத்தான் யாரும் போதுமான அளவு கற்றுத்தரவில்லை. முதல் பதிமூன்று அத்தியாயங்களில் பாஸ், பதினாலாவதில் ஃபெயில்.

எழுத்துப் பரீட்சை இதைக் கண்டுபிடிக்குமா? மூன்று விடைகளில் ஒன்றை டிக் செய்ய வேண்டும், 70 மார்க் வாங்கினால் பாஸ். கேள்வி, விடை, விளக்கம் என்று கைடுகள் விற்கின்றன. நெட்டுரு போட்டால் தேறிவிடலாம். நல்லவேளை, அப்புறம் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. அங்கே டபாய்க்க முடியாது.

2022 வரை அங்கே இரண்டு சான்றிதழுக்கும் சேர்த்து 1,900 மணி நேரம் வகுப்பு என்று சட்டமே இருந்தது. ஜெட் யுகத்தில் மரச் சட்டத்தையும் துணி இறக்கையையும் பழுதுபார்ப்பதும் அதில் அடக்கம். அந்த ஆண்டு செப்டம்பரில் மணிக்கணக்கை எடுத்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து தேர்வுக்குப் புது அளவுகோல். ஒவ்வொரு பாடத்திலும் அறிவு, கைத்திறன் இரண்டோடு 'இதில் எங்கே ஆபத்து?' என்பதும் உண்டு. அதாவது பதினாலாவது அத்தியாயத்தைப் பிய்த்து எல்லாப் பாடத்திலும் தூவிவிட்டார்கள். புத்தகத்தில் மட்டும் அது இன்னும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. படிக்கிறவர்களுக்கு என் சிபாரிசு: பின்னாலிருந்து தொடங்குங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு சிபாரிசு. 'தொழில்நுட்பக் காரணங்களால் முக்கால் மணி தாமதம்' என்று அறிவிப்பு வந்தால் உடனே திட்டாதீர்கள். யாரோ ஒருவர் தன் கண்ணை நம்பாமல், போல்ட் நம்பரை இரண்டாம் தடவை கேட்டலாகில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.