ஒடுங்கியது திரும்புமா?

உப்பள ஊரான மரக்காணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் மூன்று இடங்கள். தென்மேற்கே திருவெண்ணெய்நல்லூர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்த ஊர், சிவஞானபோதத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். தெற்கே புதுச்சேரி, 1914 ஆகஸ்ட் முதல் அரவிந்தர் தம் ‘ஆர்யா’ இதழில் ‘தி லைஃப் டிவைன்’ நூலைத் தொடராக எழுதிய ஊர். அதற்குச் சற்று மேற்கே வழுதாவூரும் சேதராப்பட்டும். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கற்களிலிருந்து சேகரித்த தொல்லுயிர் எச்சங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். சைவ ஆசாரியருக்கும் புதுச்சேரி யோகிக்கும் நிலவியலாருக்கும் ஒருவரோடொருவர் பேச்சில்லை. ஆனாலும் மூவர் துறையிலும் ஒரே கருத்து மையத்தில் நிற்கிறது: உள்நோக்கிச் சுருளுதல், ஒடுங்குதல், ஆங்கிலக் கல்வி இன்வொல்யூஷன் என்று பெயரிட்ட நிகழ்வு. கணிதம், மருத்துவம், மானிடவியல் என்று அந்தப் பெயர் வேறு பல இடங்களிலும் குடியேறியிருக்கிறது. இந்தத் துறைகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்விதான் உதவியாக இருக்கிறது. உள்ளே போனது வெளியே வருமா? வந்தால் அதே பொருளாகவா?

கல்லில் தொடங்குவோம், அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். கிரெட்டேசியஸ் கடலில் நீந்திய அம்மோனைட்டுகளின் ஓடு சுருள் வடிவம். வைணவ வீடுகளில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமத்தை உடைத்தால் உள்ளே தெரிவதும் இதே குலத்து ஓடுதான். அது கண்டகி நதிக்கரையிலிருந்து வருகிறது. அம்மோனைட் வளர வளர ஓடு சுற்றுச் சுற்றாகப் பெருகும். சில இனங்களில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி நிற்குமே தவிர அதை மூடாது. நடுவிலிருந்து விளிம்பு வரை எல்லாச் சுற்றுகளையும் எண்ணலாம். இதை எவொல்யூட் என்பார்கள். வேறு சிலவற்றில் கடைசிச் சுற்று பழைய சுற்றுகளைத் தழுவி மூடிவிடும். நடுவில் தொப்புள் போல ஒரு சிறு குழி மட்டும் மிஞ்சும். இது இன்வொல்யூட். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் படிவுகளின் அம்மோனைட்டுகளை 1860களில் ஸ்டோலிச்கா வகைப்படுத்தியபோது இந்த மூடலின் அளவும் ஓர் அடையாளமாக இருந்தது. இங்கே ஒடுக்கம் என்பது இழப்பல்ல. உயிரின் குழந்தைப் பருவம் முழுக்க உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுச் சோழியும் இப்படித்தான்: வளர்ந்த சோழியில் கடைசிச் சுற்று மற்றதையெல்லாம் விழுங்கிவிடுவதால் அது சுருள் ஓடு என்பதே பார்ப்பவருக்குத் தோன்றாது.

தாவரவியலார் பயன்பாட்டுக்கு மணல்மேட்டில் வளரும் ராவணன் மீசையே போதும். அதன் முள் போன்ற இலைகள் விளிம்போடு உட்புறமாகச் சுருண்டு ஈரத்தைக் காத்துக்கொள்கின்றன. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

தத்துவத்துக்கு வந்தால் விவாதம் நிறைய. மெய்கண்டாருக்கு ஒடுக்கம் அடிப்படைச் சொல். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் எங்கே ஒடுங்கியதோ அங்கிருந்தே மீண்டும் தோன்றுகிறது என்பது பன்னிரண்டு சூத்திரங்களில் முதல் சூத்திரத்தின் சாரம். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்ற சற்காரியவாதம் இதன் அடித்தளம். பின்வந்த சித்தாந்த ஆசிரியர்கள் இன்னொரு படி போனார்கள்: இறைவனின் ஐந்தொழில்களில் அழித்தல் என்பது உண்மையில் பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் என்றார்கள். ஆனால் மலம் என்னும் ஆன்ம அழுக்கு தீராதவரை ஓய்வு முடிந்ததும் மறுபடி புறப்பட வேண்டியதுதான். திரும்பி வருவது இங்கே உறுதி; அந்த உறுதியே உயிரின் பிரச்சினையும்கூட.

அரவிந்தரின் கணக்கு வேறு. 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்தவர், டார்வினுக்குப் பின் வந்த உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உயிரற்ற ஜடத்திலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும் எப்படி எழும்? முன்பே அவை ஜடத்துக்குள் இறங்கி ஒளிந்திருந்தால்தான் எழும் என்பது அவர் விடை. சச்சிதானந்தம் படிப்படியாக அதிமனம், மனம், உயிர், ஜடம் என்று தன்னைத் தானே மறைத்துக்கொண்டு இறங்குவது இன்வொல்யூஷன்; அந்த மறைப்பு அவிழ்வது எவொல்யூஷன். பரிணாமத்துக்கு முன்னே ஒடுக்கம் இருந்தாக வேண்டும் என்று விவேகானந்தரும் 1890களில் மேலைநாட்டுச் சொற்பொழிவுகளில் பேசியிருக்கிறார். அவருக்குச் சாங்கியம் துணை. அரவிந்தரிடம் புதிது என்னவென்றால், ஏறும் வழி புறப்பட்ட இடத்தில் போய் முடிவதில்லை. அதிமனம் இந்த உடலிலேயே, இந்த மண்ணிலேயே இறங்கி நிலைக்க வேண்டும் என்கிறார். மெய்கண்டாரின் உயிர் பிறவியிலிருந்து விடுபடப் பார்க்கிறது. அரவிந்தரின் உயிர் இங்கேயே மாறப் பார்க்கிறது. 1968இல் மரக்காணத்துக்குத் தெற்கே செம்மண் மேட்டில் ஆரோவில் எழுந்ததற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

இதே ஜோடிச் சொற்களைப் பழைய தலைமுறை மாணவர்கள் வேறொரு நூலில் சந்தித்திருப்பார்கள். 1885இல் வெளியான ஹால், நைட் இயற்கணித நூலில் இன்வொல்யூஷன் ஓர் அத்தியாயம், எவொல்யூஷன் அடுத்த அத்தியாயம். முதலாவது படியேற்றம், இரண்டாவது மூலம் காணல். அந்தப் பயன்பாடு வழக்கொழிந்துவிட்டது.

இன்றைய கணிதத்தில் இன்வொல்யூஷன் என்றால் இருமுறை செய்தால் எதையும் மாற்றாமல் விட்டுவிடும் செயல். எண்ணின் குறியை மாற்று, மறுபடி மாற்று: பழைய எண். கண்ணாடியின் பிம்பத்தை இன்னொரு கண்ணாடியில் பார்: பழைய முகம். இவ்வளவு எளிமையான கருத்துக்கு என்ன வலிமை இருக்க முடியும் என்று கேட்பவருக்கு டான் ஸாகியர் 1990இல் வெளியிட்ட ஒற்றை வாக்கிய நிறுவலைக் காட்டலாம். நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பது ஃபெர்மா சொன்ன பழைய உண்மை. 13ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று மிகை முழு எண்கள் வேண்டும். முதல் எண்ணின் வர்க்கத்தோடு மற்ற இரண்டின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கூட்டினால் 13 வர வேண்டும். அப்படி மூன்றே கூட்டங்கள்தான்: (1, 1, 3), (1, 3, 1), (3, 1, 1). ஸாகியர் ஒரு தந்திரமான இன்வொல்யூஷனைத் தருகிறார். அது பின்னிரண்டையும் ஒன்றோடொன்று மாற்றிவிட்டு (1, 1, 3)ஐ மட்டும் இருந்த இடத்திலேயே விடுகிறது. ஒன்று மட்டும் ஜோடியில்லாமல் நிற்பதால் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படை. எனவே வேறு எந்த விதமாக ஜோடி சேர்த்தாலும் ஒன்றாவது தனித்து நின்றாக வேண்டும். இப்போது கடைசி இரு எண்களை இடம் மாற்றும் சாதாரண இன்வொல்யூஷனைப் போடுங்கள். (3, 1, 1) அசையாமல் நிற்கும். கடைசி இரு எண்களும் சமமென்பதால் 13 = 9 + 4, அதாவது மூன்றின் வர்க்கமும் இரண்டின் வர்க்கமும். நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் எந்தப் பகா எண்ணுக்கும் இதே வழி. கணிதக்காரரின் ஆர்வம் திரும்பி வருவதில் இல்லை. எது நகரவே இல்லை என்பதில்தான் அவர் கண்.

மருத்துவர் கையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை ஆறு வாரத்தில் அறுபது, எண்பது கிராமுக்கு ஒடுங்குகிறது. மேல்முனை நாளுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதைக் கிராமச் செவிலியர் வயிற்றைத் தொட்டே அறிவார். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் இதற்குத் துணை. ஒடுங்காமல் நின்றால்தான் நோய். ஒடுங்கினாலும் முதல் பேற்றுக்கு முன்பிருந்த அளவுக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் பெரிதாகவே நிற்கும். நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியின் கதை வேறு. அது குழந்தைப் பருவத்திலேயே சுருங்கத் தொடங்கிக் கொழுப்பாக மாறிக்கொண்டே போகும், திரும்புவதே இல்லை. மனநல மருத்துவர்கள் ஒரு காலத்தில் நடுவயதுப் பெண்களின் சோர்வுக்கு இன்வொல்யூஷனல் மெலன்கோலியா என்று பெயர் வைத்திருந்தார்கள், மாதவிடாய் நின்றால் மனமும் ஒடுங்கும் என்ற நம்பிக்கையில். 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு அந்தப் பெயரைக் கைவிட்டது. கைவிட அவ்வளவு காலம் எடுத்தார்கள் என்பதுதான் வியப்பு.

மானிடவியலில் ஒடுக்கமே நோய். கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1963இல் ‘அக்ரிகல்ச்சுரல் இன்வொல்யூஷன்’ நூலை வெளியிட்டார். சொல்லை அவர் மானிடவியலாளர் கோல்டன்வைசரிடமிருந்து எடுத்தார். மாவோரி மரச்செதுக்கு வேலைப்பாடு புதிய வடிவத்துக்குப் போகாமல் பழைய வடிவத்துக்குள்ளேயே மேலும் மேலும் நுணுகிச் சிக்கலாவதை கோல்டன்வைசர் 1936இல் அப்படி அழைத்திருந்தார். கீர்ட்ஸின் களம் ஜாவா. 1830க்குப் பின் டச்சுக்காரர்கள் நெல் வயல்களிலேயே கரும்பைப் புகுத்தினார்கள். மக்கள்தொகை பெருகியது, வெளியே தொழிலில்லை. ஈர வயல் மட்டும் எத்தனை பேர் இறங்கினாலும் ஏற்றுக்கொண்டது. நாற்றை இன்னும் நேர்த்தியாக நடலாம், களையை இன்னொரு முறை எடுக்கலாம், வரப்பைத் திரும்பவும் சரிசெய்யலாம். விளைச்சல் கொஞ்சம் கூடும், தலைக்கு வரும் பங்கு கூடாது. வறுமை பங்கிடப்பட்டது என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இதை மறுத்தார்கள்: ஜாவா கிராமத்தில் நிலமுள்ளவரும் இல்லாதவரும் சமமாக எதையும் பங்கிட்டுக்கொள்ளவில்லை என்று. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. இருந்தும் கருத்து பிழைத்துக்கொண்டது. பிலிப் ஹுவாங் சீன வேளாண்மைக்கும், அஸ்ஸாமில் பிறந்த பிரசெஞ்சித் துவாரா வட சீன அரசின் வரி இயந்திரத்துக்கும் அதைப் பொருத்தினார்கள். 2020இல் பெய்ஜிங் ஷிங்குவா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மிதிவண்டியில் போகும்போதே மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்த படம் பரவியது. இன்வொல்யூஷனின் சீன வடிவமான நெய்ஜுவான் இளைஞர் வாயில் தினசரிச் சொல்லானது. இப்போது பெய்ஜிங் அரசே சூரியத் தகடு, மின்வாகன நிறுவனங்களின் விலைப்போரை அதே பெயரால் கண்டிக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சொல் அறிமுகமாகவில்லை, நிலைமை அறிமுகம். 2022 குரூப் 4 தேர்வில் 7,301 பணியிடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் கட் ஆஃப் ஏறுமே தவிர இடம் ஒன்றுகூடக் கூடாது.

அப்படியானால் மரக்காணத்து உப்பளம்? ஏழைத் தொழில், பழைய முறை, குடும்பம் குடும்பமாக உழைப்பு. கீர்ட்ஸின் பெயரை ஒட்டிவிட யாருக்கும் கை நீளும். பொருந்தாது என்பது என் கருத்து. உப்பங்கழி நீரும் நிலத்தடி உவர்நீரும் பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் வற்றுகின்றன. கடல்நீர் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் படியத் தொடங்கும், பத்தில் ஒரு பங்காகும்போதுதான் உப்பு. அதற்கும் மேலே வற்றவிட்டால் மெக்னீசியக் கசப்பு சேர்ந்துவிடும். அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இதில் எத்தனை ஆளை இறக்கினாலும் ஒரு பாத்தியிலிருந்து ஆவியாகும் நீர் கூடாது. அளவை முடிவு செய்வது வெயிலும் காற்றும். ஜாவா வயல் உழைப்பை உறிஞ்சியது, உப்பளம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் முழுவதுமாகவே அனுப்பிவிடுகிறது. வாராமல் விட்டது கரைகிறது, தளம் சேறாகிறது, தை பிறந்தபின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். உப்பைப் பொறுத்தவரை கணிதக்காரரின் வரையறைதான் பொருத்தம்: கரைந்தது படிந்து, படிந்தது கரைந்து, பழைய நிலை.

கூலிக்கு அந்தக் கணக்கு செல்லாது. வேலையில்லாத மாதங்களில் வாங்கும் கடன் வெயில் வந்ததும் கரைந்துபோவதில்லை. இந்தப் பருவத்தை ஈடுகட்டத்தான் தமிழ்நாடு அரசு 2022இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அரசின் உப்பு நிறுவனம் ‘நெய்தல்’ என்ற பெயரில் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கத்தில் கழுவேலிச் சதுப்பு நிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. சதுப்பு நிலத்தின் நீர் எங்கே போகலாம், எங்கே தேங்கலாம் என்பதில் இனி வனத்துறைக்கும் குரல் உண்டு. மரக்காணத்தில் ஒடுக்கத்தை அளக்க வருகிற ஆய்வாளர் பாத்தியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, ஐப்பசியிலிருந்து மார்கழி வரை யாரிடம் எவ்வளவு வட்டிக்கு வாங்கினார்கள், அடுத்த பருவத்தின் எத்தனை மூட்டை அதற்கு முன்கூட்டியே போய்விட்டது என்று கேட்டால் பயனிருக்கும்.