போனில் விரியும் ஆண்டறிக்கை

சொல்லாமல் இருக்க முடியவில்லை: கார்கில்ஸ் கம்பெனியின் ஆண்டறிக்கையை நான் இப்போது ஆங்கிலத்திலேயே வாசிக்கிறேன்! அதுவும் வந்தாறுமூலைக்குப் போகும் பஸ்ஸில், நின்றுகொண்டு.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்த எங்களுக்குக் கணக்கீடு தண்ணிபட்ட பாடு. பெறுமானத் தேய்வு, தொக்கு, நன்மதிப்பு என்று எதைக் கேட்டாலும் தமிழில் பொழிவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்து வர்த்தக முகாமைத்துவ பீடத்துக்குள் கால் வைத்ததும் அத்தனையும் ஆங்கிலம். மட்டக்களப்பு வாவிக்கரையில் சிலையாய் நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இலேயே இங்கே ஆங்கிலப் பள்ளி தொடங்கிவிட்டார். என்ன பயன், பாடப்புத்தகத்தின் முதல் பந்தியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்தால், பந்தி முடியும்போது தொடக்கம் மறந்துபோகும்.

கைகொடுத்தது பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. இரண்டு பேர் கதைப்பார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டுவிட்டு விடையைக் கடைசியில்தான் சொல்வார்கள். இடையில் நிறுத்த மனமே வராது. ஆறு புதுச் சொற்களும் கிடைக்கும். ஆனால் உண்மையான புதையல் வேறு: கதைப்பது முழுவதும் எழுத்தாகவும் இருக்கிறது. காது முன்னே போக, கண் பின்னாலேயே ஓடும். எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த ஆள் வசனம் வசனமாக வாசிக்கத் தொடங்கிவிடுவார். என்ன சுகம்!

அடுத்தது அக்ரோபட் ரீடரின் ‘லிக்விட் மோட்’. பிடிஎஃப் பக்கத்தைப் போன் திரைக்கு ஏற்றபடி பெருப்பித்து அடுக்கித் தரும். ஆண்டறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசம். முழு அறிக்கையையும் கொடுத்தால் லிக்விட் மோட் பெரிது என்று மறுத்துவிடும். தவிசாளரின் செய்தியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுங்கள். நாம் சாமான் வாங்கும் கார்கில்ஸ் ஃபுட் சிட்டியின் கதைதானே, பாதி முன்பே தெரியும். மிச்சத்தை ஆங்கிலம் சொல்லித் தரும். நிதிக்கூற்றுப் பக்கம் வந்துவிட்டால் நாம்தான் ராசா!

புள்ளி கொடுத்து விளையாட்டுக் காட்டும் செயலிகளில் எனக்கு மோகமில்லை. சொல் சேரும், பந்தி வாசிக்க வராது. முழுப் பக்கத்தையும் கூகுளிடம் கொடுத்துத் தமிழாக்கி வாசிப்பதும் வேண்டாம். சோதனை மண்டபத்துக்குள் போனை விடமாட்டார்கள்.

முதலாம் வருடத் தம்பி தங்கச்சிமாரே, டேட்டா செலவை நினைத்துத் தயங்காதீர்கள். வைஃபை கிடைக்கும் இடத்தில் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ ஒலியையும் எழுத்தையும் இறக்கி வைத்தால் போதும். இன்றிரவே ஒன்றை இறக்குங்கள்.