குரூரச் சித்திரிப்பும் வாசகர் நிலையும்: இரு அமெரிக்க நாவல்கள்

பயங்கரப் புனைகதைகளை 'நசிவிலக்கியம்' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமர்சகர் பலரது வழக்கம். அச்சொல் தவறன்று, ஆயின் போதியதுமன்று. உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக் காட்டேரியின் உருவகத்தை மார்க்ஸே 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) எடுத்தாண்டுள்ளார். அச்சத்தின் படிமங்கள் யாவும் யதார்த்தத்தினின்றும் தப்பியோடும் வழிகளல்ல. எனவே, 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் வலுப்பெற்றதும், சித்திரவதையையும் உடற்சிதைவையும் மறைப்பின்றி விவரிப்பதுமான அதீத பயங்கரப் புனைகதையை எவ்வாறு வாசிப்பது என்னும் வினாவை நாம் எதிர்கொண்டேயாக வேண்டும்.

பிரெற் ஈஸ்ரன் எல்லிஸின் 'அமெரிக்கன் சைக்கோ' (1991), ஒப்பந்தம் செய்திருந்த பதிப்பகமே வெளியிட மறுத்ததனால் வெளிவருமுன்னரே பெயர் பெற்ற நாவல். றேகன் காலத்து வோல் ஸ்ரீற் முதலீட்டு நிறுவனமொன்றிற் பணிபுரியும் பற்றிக் பேற்மனே இதன் கதைசொல்லி. உடைகளின் வணிகப் பெயர்களை அடுக்கும் அதே தட்டையான நடையிலேயே தான் செய்யும் கொலைகளையும் அவன் அடுக்குகின்றான். நடையின் இவ்வொருமை தற்செயலானதன்று. அவனது வட்டத்தில் ஒருவரை இன்னொருவராகப் பிழைபட இனங்காண்பது அன்றாட நிகழ்வு. குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட பின்னருங்கூட, வழக்கறிஞர் அவனை வேறொருவனாகவே கருதிக்கொள்கின்றார். பண்டங்களைப் போன்று மனிதரும் ஒருவருக்கொருவர் ஈடாகிவிட்ட நிலையை இதனினும் கச்சிதமாகக் காட்டிய நாவல் அரிது. ஆயினும், வீதியில் உறங்கும் வறியவனும் விலைமாதரும் இங்கு வெறும் உடல்களே. தன்மைக் கூற்றின் தவிர்க்கவியலாத விளைவு இது என வாதிடலாம். அவ்வாதம் எமக்கு நிறைவளிக்கவில்லை. சகபாடி ஒருவனும் கொல்லப்படுகின்றான் என்பது உண்மையே. எனினும் அங்கதத்தின் இலக்கான வர்க்கம் பெரும்பாலும் தப்பிவிட, அக்கருத்துக்குச் சான்றாகும் பொருட்டு ஒடுக்கப்பட்டோரும் பெண்களுமே மீண்டும் மீண்டும் வெட்டுண்கின்றனர்.

ஜாக் கெற்சம் எழுதிய 'த கேர்ள் நெக்ஸ்ற் டோர்' (1989), அதாவது 'அயல்வீட்டுப் பெண்', வேறு வகையினது. பெற்றோரை விபத்தில் இழந்த சகோதரியர் இருவர் உறவுப் பெண்ணொருத்தியின் வீட்டில் அடைக்கலம் பெறுகின்றனர். மூத்தவள் அவ்வீட்டு நிலவறையிலே, அப்பெண்ணாலும் அவளது மைந்தராலும் அயற் சிறுவர்களாலும் வதைக்கப்பட்டு இறக்கின்றாள். அருகிருந்து பார்த்த சிறுவனே, வளர்ந்தவனான பின்பு கதையைச் சொல்கின்றான். ஓரிடத்தில், நடந்ததைச் சொல்ல அவன் மறுத்துவிடுகின்றான். எல்லாவற்றையும் காட்டுவதே இவ்வகை இலக்கியத்தின் விதியெனின், அவ்விதி முறியும் இவ்விடமே நாவலின் உச்சம். அடுத்தது என்னவென ஆவலோடு பக்கங்களைப் புரட்டி வந்த வாசகர், தாம் நின்றிருந்ததும் அச்சிறுவன் நின்ற இடமே என்பதை இங்கு உணர நேர்கின்றது. எல்லிஸிடம் இத்தகைய கணம் எதையும் நாம் காணவில்லை.

எனினும் கெற்சத்திடம் எமக்குள்ள ஆட்சேபம் சிறிதன்று. இந்நாவலுக்கு ஆதாரமானது 1965இல் இந்தியானாபொலிஸ் நகரில் நிகழ்ந்த கொலை. 16 வயதுச் சிறுமி ஒருத்தியையும் அவள் தங்கையையும், களியாட்டச் சந்தைகளில் தொழில் செய்து ஊரூராகச் சென்ற பெற்றோர், வாரம் 20 டொலர் கொடுப்பதாகப் பேசி, வறுமைப்பட்ட ஒரு தாயிடம் விட்டுச் சென்றனர். அவளுக்கோ ஏழு பிள்ளைகள். பிறர் துணிகளை அழுத்திக் கொடுத்தும் உழைத்தவள். பேசிய பணம் ஒருமுறை தாமதமானபோதே முதல் அடி விழுந்தது. கெற்சம் இக்கொடுக்கல்வாங்கலை நீக்கி, அவ்விடத்தில் உறவுமுறையை வைத்தார். காலத்தையும் 1958இற்கு நகர்த்தினார். விளைவாக, கொடுமை அப்பெண்ணின் மனச்சிதைவிலிருந்தே பெரிதும் ஊற்றெடுப்பதாகத் தோன்றுகின்றது. கணவனாற் கைவிடப்பட்டவளின் கசப்பு நாவலில் உண்டு. ஆனால், பிள்ளை வளர்ப்பே கூலிக்குரிய வேலையாகி, அக்கூலியும் நேரத்துக்கு வராத ஒரு வீட்டில், ஒரு சிறுமி எவ்வாறு முதலிற் கடனாகவும் பின்னர் சுமையாகவும் கணிக்கப்பட்டாள் என்பதற்கு அங்கு இடமில்லாது போயிற்று. பார்த்து நின்ற சிறுவனின் மௌனத்தை அத்துணை நுட்பமாக அறிந்த ஆசிரியர், அந்த இருபது டொலரைத் தேவையற்ற விவரமெனக் கழித்துவிட்டார்.