எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை

பிள்ளை அழுதாலும் பாட்டி முனகினாலும் நம் வாயில் முதலில் வருவது “எங்கே வலிக்குது?” என்பதுதான். அன்பில் பிறந்த கேள்வி. ஆனால் அதற்கு ஒரு விரலே பதில் சொல்லிவிடும்: இங்கே, முழங்காலில், இங்கே, நெஞ்சில். மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் வேறு விதமாகக் கேட்டார். உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்களேன் என்றார். அந்த அழைப்புக்கு விரல் போதாது. வாய் திறக்க வேண்டும். திறந்தால் ஒரு வீடே வெளியே வந்துவிடும். எவ்வளவு எளிய, எவ்வளவு அழகிய மாற்றம்!

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியாகப் பயின்றவர் அவர். முதுகுக் கோளாறு அந்த வேலையைப் பறித்தது. நோயாளிகளை விட்டு விலக மனமில்லாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பிறகு படித்து 1957இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே ஹாக்னியில் உள்ள செயின்ட் ஜோசப் காப்பகத்தில், மரணத்தை நெருங்கியவர்களின் வலியை ஆராயத் தொடங்கினார்.

அங்கே அவருடைய இரண்டு கருவிகளைப் பாருங்கள். ஒன்று, துளையிட்ட அட்டைகள்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மருந்து, அளவு, விளைவு எல்லாம் அவற்றில். மற்றொன்று டேப் ரெக்கார்டர். அட்டை எண்ணிக்கையைக் காக்கும். குரல் தழுதழுத்த இடத்தைக் காக்காது. அதற்காகத்தான் அந்த நாடா சுழன்றது. இன்று செவிலியர்கள் மைக்கைக் கையிலெடுத்துப் பாட்காஸ்ட் செய்வதைக் கேட்கும்போதெல்லாம், ஒரு கட்டிலருகே மெல்லச் சுழன்ற அந்த நாடா என் நினைவுக்கு வருகிறது.

வலி திரும்பும்வரை காத்திராமல் நேரப்படி மருந்து கொடுக்கும் முறையையும் அவர் அங்கே நிலைநாட்டினார். வலி விலகி நின்றதால் அந்த மனிதர்கள் தெளிவாகப் பேசினார்கள். கேட்பவர் முதலில் பேசுபவருக்கு மூச்சு விட இடம் செய்து கொடுத்திருக்கிறார்!

1964இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், வலியைப் பற்றிய அவருடைய கேள்விக்கு ஒரு பெண் சொன்ன பதில் இருக்கிறது. முதுகில்தான் தொடங்கியது, இப்போது நானே முழுக்கக் கோளாறாகிவிட்டதுபோல் இருக்கிறது என்கிறாள். உடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து கணவனும் மகனும் வருகிறார்கள். அருமையானவர்கள், ஆனால் இவளுக்காக வேலைக்குப் போகாமல் இருந்தால் கூலியை இழக்க வேண்டியிருந்திருக்கும். உலகமே எதிராக நிற்பதுபோல், யாருக்கும் தன்னைப் புரியாததுபோல் ஒரு தனிமை. முதுகெலும்பில் புறப்பட்ட பேச்சு, சம்பளக் கவரைத் தொட்டு, மனத்தின் அடியாழத்துக்கு இறங்கிவிடுகிறது. உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்து நோவதே ‘முழு வலி’ என்ற அவருடைய கருத்து இத்தகைய பேச்சுகளில்தான் உருக்கொண்டது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இனி வருவது. அவள் ஒரு கணம் நிறுத்துகிறாள். பிறகுதான், மறுபடி பத்திரமாக உணரத் தொடங்குவது எவ்வளவு அருமை என்கிறாள். அந்த நிறுத்தத்தையும் சாண்டர்ஸ் விடாமல் எழுதியிருக்கிறார்! ஒலியைத் தொகுப்பவர்கள் முதலில் வெட்டுவது மௌனத்தைத்தான். இவரோ இடையில் ஒரு சொல்லும் போடாமல் காத்திருந்தார். காத்திருந்ததால்தான் அந்தக் கடைசி வாக்கியம் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டுரையைப் படித்தால், அந்த இடத்தில் நீங்களும் சற்று நின்று கேளுங்கள்.

இந்தச் செவி எங்கே பழகியது? சாண்டர்ஸ் சமூகப் பணியாளராக இருந்தபோது, வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். இவர் அவரைப் பலமுறை போய்ப் பார்த்தார். ஆறுதலாக எதையாவது ஒப்பிக்க முன்வந்தபோது, உங்கள் மனத்திலும் நெஞ்சிலும் இருப்பது மட்டும் போதும் என்றாராம் டாஸ்மா. 1948இல் இறந்தபோது 500 பவுண்டு விட்டுச் சென்றார், மரணத்தை நெருங்கியவர்களுக்காகச் சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று.

அந்த ஜன்னலைச் சுற்றிச் சுவர் எழ 19 ஆண்டுகள் ஆயின. 1967இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகம் திறந்தது. டாஸ்மாவின் ஜன்னல் அங்கே இருக்கிறது. 2005இல் சாண்டர்ஸ் கண் மூடியதும் அதே காப்பகத்தில்தான்.