பரிசலின் தார்ப்பூச்சு: குறை தாரிலா, சாக்கிலா?

ஒகேனக்கல்லில் கவிழ்த்துப் போட்ட பரிசலின் அடியில், உரியத் தொடங்கிய தாரைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்கள். சில்லின் உட்புறத்தில் சாக்கின் நெசவு அச்சாகப் பதிந்திருக்கும். சாக்கோ அந்த இடத்தில் வெளுப்பாகவே இருக்கும். தார் மேலே படிந்ததே தவிர இழைக்குள் இறங்கவில்லை.

மூங்கில் பத்தைகளைப் பின்னி மாட்டுத்தோல் போர்த்துவது பழைய முறை. ஈரத்திலேயே கிடந்தால் தோல் அழுகும். கரையேற்றி உலர்த்தியாக வேண்டும். அந்தத் தொல்லையைப் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் தீர்த்தன. தோலோடு கலையே போயிற்று என்று வருந்துவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

தாரின் பெரும்பலம், ஆற்றங்கரையிலேயே செப்பனிட முடிவது. பாறை கிழித்த இடத்தில் ஒட்டுத்துண்டு வைத்து உருக்கி ஊற்றினால், பழைய தாரும் புதிய தாரும் இளகி ஒன்றாகிவிடும். மூங்கில் வளையும்போது அதுவும் ஓரளவு வளையும். பிளாஸ்டிக்கை நொறுக்கும் புற ஊதாக் கதிரையும் தடுக்கும். ஃபைபர் படகில் இந்த வசதி இல்லை. பழவேற்காட்டு ஏரியின் மணலுக்கும் சேற்றுக்கும் அது சரி. காவிரிப் பாறையில் மோதி ஃபைபர் விரிசல் விட்டால் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் தேடி ஊருக்குள் போக வேண்டும்.

தாருக்கும் குறை உண்டு. உச்சி வெயிலில் இளகும். காய்ச்சும்போது எழும் புகை பூசுபவரின் நுரையீரலுக்குக் கெடுதல். ஆனால் ஒழுகலுக்கு முக்கியக் காரணம் சாக்குதான். சாக்கை நெய்யும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இழைகளில் எதுவும் எளிதில் ஒட்டாது. முன்னது சுமார் 130 டிகிரி செல்சியஸிலும் பின்னது 160-ஐ ஒட்டியும் உருகும். தாரை நன்றாக ஓடும்படி காய்ச்சி ஊற்றினால் சாக்கு சுருங்கும். ஆறவிட்டால் கெட்டிப்பட்டு மேலேயே நிற்கும். பூசுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த இக்கட்டிலிருந்து தப்ப முடியாது.

சாக்குக்குப் பதிலாகப் பருத்திக் கான்வாஸ் போட்டால், அது தாரை நன்றாகக் குடிக்கும். பூச்சு விட்ட இடத்தில் மட்கும். பாலியஸ்டர் துணி மட்காது, 250 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். வெளிநாடுகளில் சட்டத்தின்மேல் துணி போர்த்திக் கயாக் கட்டுவோர் பாலியஸ்டரோ நைலானோ போட்டு, பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். அந்தப் பூச்சின் விலை பரிசல்காரருக்குக் கட்டாது. துணியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விலை சாக்கைவிடக் கூடுதல்தான். எனவே முழுப் பரிசலுக்கும் வேண்டாம்: பாறை உரசும் அடிவட்டத்துக்கு மட்டும் பாலியஸ்டர் போட்டு, சுற்றுச் சுவருக்குச் சாக்கையே விட்டு ஒரு கோடை ஓட்டிப் பார்க்கலாம்.